மாரப்பன் வீதிக்கு நடந்து வந்த மெயில்கள்

திருப்பூரில் மாரப்பன் வீதி என்றொரு வீதி இருந்தது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், அந்த வீதியில் குடியிருந்த தமயந்தி வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது, இரும்பு கேட்டுக்கு வெளியே கோட்டும் டையும் போட்ட ஒருவர் தலையிலிருந்து நீர் சொட்ட நின்றுகொண்டு, "வணக்கம் மிகவும் அன்பான நண்பரே, நான் மறைந்த அமைச்சர் ஒருவரின் வழக்கறிஞர், அவர் விட்டுச்சென்ற பெரும் செல்வத்தை வைத்துக்கொள்ள உங்களைப் போன்ற நம்பிக்கையானவரைத் தேடி வருகிறேன்" என்றார். தமயந்திக்கு அந்த வார்த்தைகள் தெரிந்தவைதாம். நேற்றுவரை அவை அவளுடைய கம்ப்யூட்டர் திரையில், மெயில் பெட்டியில், வாரத்துக்கு நாலு தடவையாவது வந்து விழுந்துகொண்டிருந்தன. வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு மெயில்கூட இல்லை. திரும்பி வந்தபோது வழக்கறிஞருக்குப் பின்னால், தேடினால் உங்கள் இணையதளம் முதல் பக்கத்தில் வரவில்லையே என்று உண்மையிலேயே கண்கலங்கிய ஒரு பெண்ணும், அவளுக்குப் பின்னால் தட்டு நிறைய மாத்திரைகள் ஏந்திய ஒல்லியான ஆளும், அவருக்குப் பின்னால் குலுக்கலில் நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று சொல்லவந்த இரட்டையர்களும் நின்றார்கள். கோலம் போட இடமில்லை.

எதிர்ப்புற பேக்கரிக்காரர் குழந்தைவேலு ஷட்டரைத் தூக்கிவிட்டு வந்து பார்த்தார்.

"யாருங்க்கா இவுங்கெல்லாம்?"

"எனக்கு வர்ற மெயிலுங்."

"ஓ" என்றார் குழந்தைவேலு. கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, பால் கூடுதலாக வாங்கிவரச் சொல்ல உள்ளே போனார்.

தமயந்தி நடத்திவந்த இணையதளத்துக்கு 'இணை' என்று பெயர். நாலு வருடம் முன்பு அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து இடப்பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கணவர் சூரத்தில் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தார். லீவு கிடைத்தபோது வந்து போனார். ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் லோகாம்பாள்தான். இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் ஒரே செக்கிங் மேசையில் எதிரெதிரே நின்று வருடக்கணக்காக வேலை பார்த்தவர்கள். தமயந்தி வாந்தி எடுத்தபோது பாத்திரம் பிடித்தவள் லோகு, முடி கொட்டியபோது தலையைத் தன் மடியில் வைத்து மழித்துவிட்டவள் லோகு. வீட்டுக்கு வந்தபின் கண்ணாடி முன்னால் நிற்கப் பிடிக்காமல், மிஞ்சிய பருத்தித் துணியில் பஞ்சு வைத்து, தன் உடம்புக்குப் பொருந்துகிற மாதிரி உள்ளாடை ஒன்றைத் தமயந்தி தைத்துப் போட்டுக்கொண்ட அன்று, அவளை முன்னும் பின்னும் நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, "இதக் கடையில தேடுனாலும் கெடைக்காது கண்ணு. உன்ன மாதிரி எத்தன பேரு வாயத் தொறக்காம கெடக்கறாங்களோ, அவங்களுக்கும் தெச்சுக் குடு" என்று சொன்னவளும் லோகுதான்.

அப்படித் தொடங்கியதுதான் இணை. போனில் யாரும் அழைக்க வேண்டாம் என்று தமயந்தி முதலிலேயே முடிவுசெய்தாள். புருஷனுக்கு முன்னால், மாமியாருக்கு முன்னால், பஸ்ஸில், ஆபீஸில் என்று எந்தப் பெண்ணாலும் வாய்விட்டு அந்த அளவுகளைச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். எழுதட்டும், எனக்கு மட்டும் எழுதட்டும் என்று தன் மெயில் முகவரியை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தாள். சேலத்திலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும், ஊர் சொல்ல விரும்பாத ஊர்களிலிருந்தும் பெண்கள் எழுதினார்கள். எழுதியவர்களுக்கெல்லாம் தமயந்தி தைத்தாள், லோகு மடித்துப் பொட்டலம் கட்டி, வெளியே எதுவும் எழுதாமல் அனுப்பிவைத்தாள்.

முகவரியைப் பெரிய எழுத்தில் போட்டால் பெண்கள் மட்டும் பார்ப்பதில்லை. அதைப் பொறுக்கித் திரிகிறவர்களும் பார்க்கிறார்கள். அவர்கள்தாம் இப்போது கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

முதல் நாள் தமயந்தி இரக்கப்பட்டு, மாத்திரைத் தட்டுக்காரரிடம், "எனக்கு வேண்டாங்க, மன்னிச்சுக்குங்க, போயிட்டு வாங்க" என்றாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் தன் அண்ணன் தம்பிகளையும் பங்காளிகளையும் அழைத்துக்கொண்டு வந்தார், ஏனென்றால் அந்த வீட்டில் பதில் சொல்கிற ஒரு மனுஷி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வழக்கறிஞர்கள் பெருகினார்கள். விதவைகள் வந்தார்கள். ஒரு வங்கியின் பெயரைத் தப்புத்தப்பாகச் சொல்லி, உங்கள் கணக்கு இன்று மாலைக்குள் முடங்கிவிடும் என்று பதறுகிறவர்கள் வந்தார்கள். அந்த வீட்டில் இல்லவே இல்லாத 'சேல்ஸ் அம்மா'வையும் 'அட்மின் ஐயா'வையும் தேடிக்கொண்டு சிலர் வந்து, அவர்கள் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லிச் சாக்கடை மேடையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து இறங்குகிறவர்களுக்கெல்லாம் வேலை கொடுத்துப் பழகிய ஊர் அது. புதிதாக வந்தவர்களிடம் எப்படி வந்தாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, என்ன வேலை தெரியும் என்றுதான் கேட்பார்கள். வந்தவர்களோ, தாங்கள் சொல்வதை நின்று கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவர் சொல்கிற வேலையைச் செய்யத் தயாராக இருந்தார்கள். வீதி முனையில் இருந்த கம்பெனிக்காரர் ஒருவர் சரக்கு அனுப்ப வேண்டிய அவசரத்தில், மறைந்த அமைச்சரின் கதையைப் பொறுமையாக முழுதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சாயங்காலம் பேசிக்கலாங்க, இப்ப கொஞ்சம் பிசிறு வெட்டிக் குடுங்க" என்று கத்தரியைக் கையில் கொடுத்தார். வழக்கறிஞர் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்து, சட்டைகளில் தொங்கிய நூலையெல்லாம் சுத்தமாக வெட்டித் தந்தார். அடுத்த வாரம் எல்லாக் கம்பெனிகளிலிருந்தும் வேன்கள் வந்து நின்றன. குழந்தைவேலு பக்கத்துக் கடையையும் பிடித்துப் பேக்கரியைப் பெரிதாக்கினார். மாடி வைத்திருந்தவர்கள் மாடியில் தகரம் போட்டு வாடகைக்கு விட்டார்கள். முதல் பக்கத்தில் வரவில்லையே என்று கண்கலங்குகிற பெண்ணைச் சாயப்பட்டறை மேலாளர் ஒருவர் கல்யாணமே பண்ணிக்கொண்டார், தன்னைப் பற்றி அத்தனை கவலைப்பட்டவர் வேறு யாருமில்லை என்று.

இந்தக் கூட்டத்தை வரிசைப்படுத்தி நிறுத்தி, யாரை எந்த வேனில் ஏற்றுவது என்று பார்த்துக்கொள்ளத் தொடங்கியவள் லோகு. முதலில் தமயந்திக்கு ஒத்தாசையாகத்தான் செய்தாள். பிறகு கம்பெனிக்காரர்கள் அவளை 'காண்ட்ராக்டர் அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பொட்டலம் கட்ட வந்துகொண்டிருந்தவள், பிறகு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவளானாள். சொந்தமாக ஒரு வேன் வாங்கினாள். அதன் முன் கண்ணாடியில் தன் பெயரை எழுதவைத்தாள்.

தமயந்திக்குத் தையல் ஆர்டர் எதுவுமே வரவில்லை. பெட்டியில் மெயில் இல்லை. யாரும் எழுதவில்லை போல என்று நினைத்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் மாலை வேன்களெல்லாம் போனபின் வீதியின் கடைசியில், மின்கம்பத்துக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் நிற்பதைப் பார்த்தாள். அவள் யாரையும் அழைக்கவில்லை, எதையும் நீட்டவில்லை. தமயந்தி அருகே போனதும், சுற்றிலும் பார்த்துவிட்டு மிக மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, என் பேரு மரகதவல்லி. தாராபுரம். எனக்கு ஆபரேஷன் ஆகி ஒன்பது மாசம் ஆச்சு. வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. மூணு தடவ எழுதிட்டேன். பதில் வரலை. தொந்தரவா இருந்தா விட்டுடுங்க."

எல்லா மெயிலும் ஆளாகத்தான் வருகிறது என்பது அப்போதுதான் தமயந்திக்கு உறைத்தது. கூச்சப்படுகிறவர்களின் மெயில்கள் கூட்டத்தில் முட்டி முன்னால் வரத் தெரியாமல், பின்னாலேயே நின்று, இருட்டும் நேரத்தில் ஒருவருக்கும் தெரியாமல் கரைந்து போயிருந்தன. எத்தனை பேர் வந்து நின்று போனார்களோ. அவள் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மரகதவல்லியை வீட்டுக்குள் கூட்டிப்போய் அளவைக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் நவநீதனைத் தேடிப் போனாள். இணைக்கு இணையதளம் செய்து கொடுத்தவன் அவன்தான். தாடியும் வாயில் பாக்குமாக, ஒரு செல்போன் கடையின் மாடியில் உட்கார்ந்திருப்பான்.

"இவ்வளவு நாளு ஏனுங்க்கா சொல்லல?" என்றான். "ஊரே பேசுது, நாங்கூட நீங்க வேணும்னுதான் வர வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு வேண்டாம் தம்பி. எம்படப் பொம்பளைங்க மட்டும் வந்தாப் போதும்."

முதலில் அவன் ஒரு வடிகட்டி போட்டான். சில வார்த்தைகளைச் சொல்கிறவர்களை அது தானாகவே வீட்டுக்குப் பின்னால் இருந்த முள்வேலிக் காலியிடத்துக்குத் திருப்பிவிட்டது. கேட் முன்னால் கூட்டம் பாதியாகக் குறைந்தது. ஆனால் தமயந்தி ஒரு நாள் துணி காயப்போடப் பின்பக்கம் போனபோது, மாத்திரைக்காரர்களுக்கும் குலுக்கல்காரர்களுக்கும் நடுவே, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். மார்பு என்ற வார்த்தையைச் சொன்னதற்காக அவர்களை ஆபாசம் என்று அது ஒதுக்கியிருந்தது.

அதன்பிறகுதான் நவநீதன் ஒழுங்காக வேலை பார்த்தான். எந்தப் பெயரைச் சொல்லி வந்தாலும் உள்ளே விட்டுக்கொண்டிருந்த வழியை அடைத்தான். சேல்ஸ் அம்மாவையும் அட்மின் ஐயாவையும் தேடி வந்தவர்கள் எழுந்து போனார்கள். முதல் பக்கத்திலிருந்து முகவரியை எடுத்தான். புதிதாக வந்தவர்கள் வீதிமுனை வரை வந்து, எந்த வீடு என்று தெரியாமல் திரும்பினார்கள். முகவரிக்குப் பதிலாக எழுதுவதற்கு ஒரு கட்டம் வைத்து, அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றான்.

"கூட்டல் கழித்தல் எதாச்சும் போட்டுறலாமுங்களா?"

தமயந்தி யோசித்தாள். "இடதா, வலதான்னு போடு" என்றாள்.

அன்று முதல் கேட்டுக்கு வந்தவர்கள் எல்லோருடைய காலும் அங்கேயே நின்றது. அந்த இரண்டு வார்த்தைகளையும் பார்த்து வழக்கறிஞர்கள் விழித்தார்கள். விதவைகள் வீதியின் இரு திசைகளையும் பார்த்தார்கள். எழுதவந்த பெண்களோ ஒரு வார்த்தை சொன்னார்கள், கேட் திறந்தது. ஒருத்தி மட்டும் "ரெண்டும்" என்றாள். அவளுக்கும் திறந்தது.

கடைசியாக நவநீதன் இன்னொன்று சொன்னான். "வெளியாளுங்களுக்கு ஆளுக்கொரு பேருல முகவரி குடுத்துருங்க்கா. பஞ்சு மண்டிக்கு ஒண்ணு, கூரியருக்கு ஒண்ணு. நாளைக்கு எந்தப் பேரச் சொல்லிக்கிட்டு ஆளு வருதோ, அந்த வழியாத்தான் வெளிய போயிருக்குன்னு கண்டுபிடிச்சுறலாம். யாரு வந்தாலும் வேண்டாம்னுகூடச் சொல்லாதீங்க. அதுவும் பதில்தானுங்க."

"லோகுக்காவுக்கும் ஒண்ணு போடு."

"அவுங்களுக்கெதுக்குங்? அவுங்க வீட்டாளு."

"அதனாலதான். கேள்வி கீள்வி இல்லாம நேரா எங்கிட்ட வர்ற மாதிரி. 'லோகுக்கா'ன்னே பேரு வெய்யி."

அதைச் சொன்னபோது லோகு சிரித்தாள். "எனக்குன்னு தனி வாசலா?" என்றாள். தமயந்தியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

கூட்டம் குறைந்து, பிறகு நின்றது. தமயந்தி தினமும் தைத்தாள். மரகதவல்லிக்கு முதலில் தைத்து அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததும் மரகதவல்லியின் மெயில் மறுபடி வந்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, "இன்னிக்குக் கோயிலுக்குப் போனேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

வீதிக்கு இது பிடிக்கவில்லை. பேக்கரியில் பால் திரிந்து வீணானது. மாடித் தகரக் கொட்டகைகள் காலியாயின. குழந்தைவேலு ஒரு நாள் சில்லறை கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல், "நாலு பேரு பொழைக்கறதப் பாத்தா ஒருத்தருக்குப் பொறுக்காதுங்" என்றார். தண்ணீர்க் குழாயடியில் பேச்சு அவளைக் கண்டதும் நின்றது. அவர்களுக்கு உடம்பு விஷயம் சொல்லிப் புரியவைக்கத் தமயந்திக்கு விருப்பமில்லை. லோகு இருக்கிறாளே என்று இருந்துவிட்டாள். லோகுவின் வேன் வீதி ஓரத்தில் காலியாக நிற்பதையும் அவள் பார்த்தாள். லோகு எப்போதும்போல எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, தமயந்தி அடுப்படியில் காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டுக் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாக லோகு மட்டும்தான் வருவாள். "வாங்க்கா, காபி வெச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தமயந்தி திரும்பினாள். கோட்டும் டையும் போட்ட ஒருவர், செருப்பை வெளியே விட்டுவிட்டு, அடுப்பங்கரைக்குள் வந்து கைகூப்பினார்.

"வணக்கம் மிகவும் அன்பான லோகுக்கா அவர்களே" என்றார்.

அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் ஒரு விதவை. எல்லோரும் அவளை லோகுக்கா என்றே அழைத்தார்கள். வாசற்பக்கம் போன ஒருவர் உள்ளிருந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

தமயந்தி அப்படியே நவநீதனிடம் ஓடினாள். "சும்மா குருட்டாம்போக்குல அடிச்சுப் பாத்திருப்பாங்களா தம்பி? எதோ ஒரு பேரப் போட்டு?"

நவநீதன் பாக்கைத் துப்பிவிட்டு வந்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்தது. "சேல்ஸுன்னு அடிப்பானுங்க. இன்ஃபோன்னு அடிப்பானுங்க. லோகுக்கான்னு எவனும் அடிக்க மாட்டானுங்க்கா."

அவள் நம்பவில்லை. நம்பாமலிருக்க அவளிடம் நிறையக் காரணங்கள் இருந்தன: பிடித்த பாத்திரம், மழித்த கை, மடி. லோகுவின் செல்போனை யாரோ எடுத்திருப்பார்கள், லோகுவுக்கு இதெல்லாம் தெரியாது, பாவம், சொன்னால் பதறிப்போவாள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். முண்டியடித்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் மரகதவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள். "எங்க வீட்டு வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க. ஒரு வாரமா நிக்கறாங்க. 'அன்பான சகோதரி மரகதவல்லி, நீங்கள் இழந்த மார்பு மீண்டும் வளர அதிசய மூலிகை'ன்னு எம்பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடறாங்க. தெருவுல எல்லாரும் கேட்டுட்டாங்க. எங்க அத்தையும் கேட்டுட்டாங்க. ஒரு வேன் வந்து அவங்கள ஏத்திக்கிட்டுப் போகுது, அடுத்த நாள் வேற ஆளுங்க வந்து நிக்கறாங்க. இத நான் உங்க ஒருத்தருக்குத்தானக்கா எழுதுனேன்?"

வேன் என்றதும் தமயந்திக்கு வேறு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

லோகு தன் வீட்டு முன்னால் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தமயந்தி செருப்பில்லாமல் வருவதைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டாள்.

"என்ன கண்ணு, உடம்புக்கு முடியலையா?"

"அந்தப் பேர எங்க குடுத்தீங்க்கா?"

லோகு மழுப்பவில்லை. அதைத் தமயந்தி பின்னாளில் பலமுறை நினைத்துக்கொண்டாள், அவள் மழுப்பியிருக்கலாம் என்று.

"எங்கெங்க முகவரி கேட்டுக் கட்டம் காலியா இருந்துச்சோ அங்கெல்லாம் குடுத்தேன்" என்றாள் லோகு. "பரிசுப் போட்டி, கடன், ஜோசியம். வேன் சும்மா நிக்குது, தவணை கட்டோணும். நீ கேட்டைச் சாத்துன. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டயா?"

"அந்தப் பொம்பளைங்க பேரு? பொட்டலத்து விலாசம்?"

"உங்க சிநேகிதங்க முகவரியும் குடுத்தா இன்னும் நெறைய ஆளுங்க வருவாங்கன்னு போட்டிருந்துச்சு. அங்கயும் வாசல் இருக்குது, அங்கயும் வந்து நிப்பாங்க, வேன அனுப்பிக் கூட்டிக்கலாம்னு நெனச்சேன். யாரு என்ன ஆயிட்டாங்க இப்ப? செத்தா போயிட்டாங்க?"

"அவங்க எனக்கு எழுதுனதுக்கா அது."

"உனக்கு!" லோகுவின் குரல் உடைந்தது. "எல்லாம் உனக்கு. முதல் பக்கத்துல உம்பட போட்டோ. 'தமயந்தி அக்கா, தமயந்தி அக்கா'ன்னு ஊரூரா எழுதறாங்க. பஞ்சு வெச்சுத் தெச்சது நீ. வாந்தி அள்ளுனது யாரு? உன்னப் பொழைக்க வெச்சது யாருன்னு அதுல எங்கயாச்சும் ஒரு எழுத்து இருக்குதா? பொட்டலம் கட்டறவளாத்தான் வெச்சிருந்த. மொத மொதல்ல என்னைய அம்மான்னு கூப்பிட்டது இந்த ஆளுங்க வந்தப்பறந்தான்."

"கேட்டிருந்தா போட்டிருப்பனே."

"கேட்டுத்தான் போடோணுமா?"

தமயந்தி, ஆஸ்பத்திரியில் தன் நெற்றியைப் பிடித்த அந்தக் கையைப் பார்த்தாள். தன்மேல் அத்தனை பாசமாய் இருந்ததும் அதே கைதான், அந்தப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக் கொடுத்ததும் அதே கைதான் என்பதை அவளால் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. கத்த வேண்டும் போலிருந்தது. லோகுவின் மடியில் போய் விழுந்து, லோகு எனக்கு இப்படிப் பண்ணிவிட்டாள் என்று லோகுவிடமே சொல்லி அழ வேண்டும் போலவும் இருந்தது. வேறு யாரிடம் சொல்வாள்? வேனைச் சுற்றி வீதி கூடிவிட்டது. குழந்தைவேலு முன்னால் வந்து, "பெரியவங்க அவங்க, பேச்சு கொறையட்டுங்" என்றார். சொன்னது லோகுவிடம் அல்ல, தமயந்தியிடம்.

அன்று மத்தியானமே நவநீதன் இணையை மூடினான். முகவரிகளையும் அடியோடு எடுத்துவிட்டான். வந்து நின்றவர்களுக்குத் தமயந்தி பதில் சொல்லவில்லை, போ என்றுகூடச் சொல்லவில்லை. சில வாரங்களில் அவர்கள் வெளுத்து, மெலிந்து, ஒரு காலையில் யாருமில்லை. ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்தவர்கள் கம்பெனிகளிலேயே இருந்துவிட்டார்கள், ரேஷன் கார்டுக்கு எழுதிக்கொடுத்தார்கள். லோகு வேனை எடுத்துக்கொண்டு அவிநாசிப் பக்கம் குடிபோனாள். போகும்போது பக்கவாட்டுக் கதவைத் தட்டினாளா இல்லையா என்று தமயந்திக்குத் தெரியாது, அவள் அன்று ஊரில் இல்லை.

அவள் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள். யார் யார் பெயர் வெளியே போனதோ அவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டும் என்று கிளம்பியிருந்தாள். எழுதிச் சொல்ல அவளுக்கு இனி உரிமையில்லை என்று தோன்றியது. சேலத்துப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பரமக்குடிப் பெண், போலீஸுக்குப் போகிறேன் என்றாள். ஒருத்தி, "நீங்க யாருன்னே தெரியலையே" என்று மாமனார் முன்னால் சத்தமாகச் சொல்லிவிட்டு, கண்ணால் கெஞ்சினாள். தமயந்தி, வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பினாள்.

தாராபுரத்துக்குக் கடைசியாகப் போனாள். அந்த வீட்டு வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போக வழியில்லாததால் அவர்களுக்குப் பின்னால் நின்று, "மரகதவல்லிங்க" என்று கூப்பிட்டாள். எல்லோரும் அதே பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. நரைத்த தலையை இறுக முடிந்திருந்த ஒரு அம்மா வெளியே வந்து, கூட்டத்தில் தேடி, அவளைக் கண்டுபிடித்தார்.

"நீங்கதானுங்களா அந்தத் திருப்பூர்க்காரம்மா?"

"ஆமாங்மா. அவங்களப் பாத்து ஒரு வார்த்த..."

"நான் அவளுக்கு மாமியாருங்." அவர் படியைவிட்டு இறங்கவில்லை. "ஒரே வீட்டுல இருக்கறோம். ஒரே சோத்தத்தான் திங்கறோம். எம்பட மருமக உடம்புல ஒரு பாதிய அறுத்துட்டு வந்து எனக்குச் சோறு போட்டிருக்கறா. எனக்குத் தெரியல. தெருவுல நிக்கறவன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். எங்கிட்டச் சொன்னா நான் என்ன பண்ணியிருப்பேனோன்னு அவ பயந்திருக்கறா. என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலீங்க. இனிமேத் தெரிஞ்சுக்கவும் முடியாது."

தமயந்தி தலை குனிந்து நின்றாள். நான் செய்யவில்லை என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதை இங்கே சொன்னால், லோகுவின் பெயரையும் இந்தத் தெருவில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"அவ வெளிய வரமாட்டா. இதக் குடுக்கச் சொன்னா" என்று அந்த அம்மா ஒரு துணிப்பையை நீட்டினார். நின்றவர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி அவளிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். உள்ளே, அவள் தைத்து அனுப்பிய உள்ளாடை துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இது அவங்க அளவுக்குன்னே தெச்சதுங்மா. வேற யாருக்கும் ஆகாதுங்."

"தெரியுமுங். அதனாலதான் குடுக்கறா."

அவர் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. தமயந்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்தில் மூலிகைப் புட்டியோடு நின்றவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்பான சகோதரியே, உங்களுக்கும் பதில் வரவில்லையா?" என்று கேட்டார். அவர் சுவரோரமாகச் சற்று நகர்ந்து, இருந்த கொஞ்ச நிழலில் அவளுக்கும் இடம் விட்டார்.